பன்றியின் தீனியும் மனிதனின் ஆயுளும்

1917ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ஜெர்மனி தன் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கட்டுப்பாடின்றி ஏவிவிடத் தொடங்கியதும், இரண்டே மாதங்களில் அமெரிக்காவும் யுத்தத்தில் இறங்கியதும், எந்தப் பட்சத்திலும் சேராமல் ஒதுங்கியிருந்த டென்மார்க் என்னும் சிறு தேசத்தைப் பெருஞ் சங்கடத்தில் ஆழ்த்தின. அக்காலத்தில் அத்தேசத்தின் ஜனத்தொகை முப்பது லட்சத்தை ஒட்டியிருந்தது; அந்த ஜனங்களோ மக்காச்சோளத்தையும் பிண்ணாக்கையும் வெளிநாடுகளிலிருந்து கப்பல் கப்பலாகத் தருவித்து, அவற்றைப் பன்றிகளுக்கும் பசுக்களுக்கும் இட்டு, உப்பிட்ட இறைச்சியாகவும் வெண்ணெயாகவும் மாற்றி இங்கிலாந்துக்கு விற்று, அந்த லாபத்தில் செழித்து வாழ்ந்தவர்கள். தீவனக் கப்பல்கள் நின்றுபோகவே, வயலில் விளையும் தானியத்தை மனிதர் உண்பதா, பன்றிகள் உண்பதா என்பது பண்டிதர்கள் விவாதிக்கும் விஷயமாக இல்லாமல், அரசாங்கம் உடனடியாக முடிவு கட்டியாக வேண்டிய பிரச்சினையாகிவிட்டது.

அந்த நேரத்தில் அரசாங்கத்துக்கு யோசனை சொல்லும் ஸ்தானத்தில் இருந்தவர் மிக்கெல் ஹிண்ட்ஹேடெ என்ற வைத்தியர். ஜட்லாந்துப் பிரதேசத்துக் குடியானவர் குடும்பத்தில் 1862இல் பிறந்த இவர், தாம் படித்த வைத்திய சாஸ்திரத்தையே சந்தேகிக்கும் துணிவு படைத்தவர். உழைக்கும் மனிதன் ஒருவனுக்குத் தினந்தோறும் 118 கிராம் புரதம் வேண்டுமென்று மூனிச் நகரத்துக் கார்ல் ஃபோய்ட் வகுத்திருந்த விதியை ஐரோப்பா முழுவதும் வேதவாக்காகப் போற்றிவந்த காலத்தில், ஹிண்ட்ஹேடெ அதைத் தம் சரீரத்திலும் தம் குடும்பத்தார் சரீரத்திலும் சோதித்துப் பார்த்து, அவ்வளவு மாமிசமும் முட்டையும் இல்லாமலே தேகபலம் குன்றாமல் வாழ முடியும் என்று கண்டார். பிற்பாடு கோபன்ஹேகனில் அரசாங்கச் செலவில் நடந்த ஆகார ஆராய்ச்சிச் சாலையின் தலைவராகி, தம் உதவியாளர் ஒருவரை ஏறக்குறைய முந்நூறு நாள் உருளைக்கிழங்கையும் மார்கரின் என்னும் செயற்கை வெண்ணெயையும் கொண்டே பிழைத்திருக்கச் செய்தார். அந்த மனிதர் உயிரோடும் உழைக்கும் வலுவோடும் இருந்தார் என்பதே அன்றைய சாஸ்திரிகளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பன்றிக்கு இட்ட தானியத்தின் சத்தில் சிறு பகுதிதான் மாமிசமாகத் திரும்பிவருகிறது, எஞ்சியதெல்லாம் அந்தப் பிராணி உயிர் வாழ்வதற்கே செலவாகிவிடுகிறது என்பது ஹிண்ட்ஹேடெயின் வாதம். அரசாங்கமும் அதற்குச் செவிசாய்த்தது. பன்றிகளில் பெரும்பாலானவை கொல்லப்பட்டன. பசுக்களின் தொகையும் குறைந்தது. ரை என்னும் தானியத்தைத் தவிடு நீக்காமல் அரைத்து, அதனோடு கோதுமைத் தவிட்டையும் கலந்து சுட்ட கறுத்த ரொட்டியும், பார்லிக் கஞ்சியும், உருளைக்கிழங்கும், கீரையும், பாலும், கொஞ்சம் வெண்ணெயுமே நகரவாசிகளின் ஆகாரமாயின. பன்றியிறைச்சி அரிதாயிற்று, மாட்டிறைச்சியோ பணக்காரர் மட்டுமே வாங்கக்கூடிய விலைக்கு ஏறிற்று. ஒரு தேசத்தின் ஜனங்கள் தங்கள் விருப்பத்தால் அன்றி, வேறு வழியில்லாமையால் ஒருசேரப் பெரும்பாலும் தாவர உணவுக்கு மாறிய சம்பவம் சரித்திரத்தில் அபூர்வம். அதை எண்ணிக் கணக்கெடுக்கத் தெரிந்த ஒரு வைத்தியர் அருகில் இருந்தது அதனினும் அபூர்வம்.

1917 அக்டோபர் முதல் 1918 அக்டோபர் வரையிலான ஒரு வருஷத்தில் கோபன்ஹேகன் நகரத்தில் நோயால் நேர்ந்த மரணங்கள், அதற்கு முந்திய வருஷங்களின் சராசரியைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டன என்று ஹிண்ட்ஹேடெ கணக்கிட்டு, 1920இல் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் பத்திரிகையில் பிரசுரித்தார். அண்டை தேசங்களில் பட்டினியால் ஜனங்கள் மெலிந்துகொண்டிருந்தபோது டென்மார்க்கில் மட்டும் மரணம் பின்வாங்கியது என்ற செய்தி, மரக்கறி உணவை ஆதரித்தவர்களுக்குக் கிடைத்தற்கரிய ஆயுதமாயிற்று. இன்றும் அவர்களுடைய நூல்களில் இந்தச் சம்பவம் தவறாமல் இடம் பெறுகிறது.

ஆனால் அந்த வருஷத்தில் குறைந்தது மாமிசம் மாத்திரந்தானா? பார்லியையும் உருளைக்கிழங்கையும் சாராய வடிப்புக்குப் போகவொட்டாமல் தடுத்த அதே அரசாங்கம், மதுவின்மீது விதித்த வரியால் ஒரு புட்டிச் சாராயத்தின் விலையைப் பத்து மடங்குக்கு மேல் உயர்த்திவிட்டது. குடிவெறியால் சித்தம் பேதலித்து மாண்டுபோகிறவர்கள் அந்நாட்டில் அதன்பின் வெகுவாகக் குறைந்தார்கள். அப்படியானால் ஜனங்களைக் காத்தது தவிட்டு ரொட்டியா, கைக்கெட்டாத சாராயமா, அல்லது எதையும் வயிறு புடைக்க உண்ண முடியாமல் போன பங்கீட்டு முறையா? ஹிண்ட்ஹேடெ மூன்றையும் சேர்த்தே புகழ்ந்தார். மூன்றின் பங்கையும் தனித்தனியே பிரித்துக் காட்ட அவர் கையில் சாதனம் இல்லை. அவருக்குப் பின்வந்த நூறு வருஷ ஆராய்ச்சியும் பெரும்பாலும் இந்த ஒரு முடிச்சை அவிழ்க்கும் முயற்சியே என்பது என் அபிப்பிராயம்.

இதே தேசத்தின் இதே காலத்துக் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. தாவர உணவின் அன்பர்கள் அதை அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை. யுத்த காலத்தில் டென்மார்க் தன் வெண்ணெயை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தன் ஏழைகளுக்கு மார்கரினையும் கொழுப்பெடுத்த பாலையுமே மிச்சம் வைத்ததால், சிறு குழந்தைகளிடையே கண் வறண்டு, கருவிழி புண்ணாகிப் பார்வை இழக்கும் கொடிய நோய் பரவியது. கோபன்ஹேகனின் குழந்தை வைத்தியரான கார்ல் ப்ளோக் என்பவர் அந்தக் குழந்தைகளுக்கு முழுப் பாலையும் மீனெண்ணெயையும் கொடுத்துக் குணப்படுத்தினார். 1917இன் முடிவில் ஏற்றுமதி தடைப்பட்டு, வெண்ணெய்க்கும் பங்கீடு ஏற்பட்டு, ஏழை வீட்டுக்கும் வாரந்தோறும் சிறிது வெண்ணெய் கிடைக்கத் தொடங்கியதும் அந்த நோய் அடங்கியது; யுத்தம் முடிந்து வெண்ணெய் மறுபடி கப்பலேறியதும் மீண்டும் தலைகாட்டியது. இன்று நாம் வைட்டமின் ஏ என்று சொல்லும் சத்தே அந்த மர்மத்தின் விளக்கம். கீரையும் காரட்டும் உண்ணும் பெரியவர்கள் அவற்றிலுள்ள நிறப்பொருளிலிருந்து அந்தச் சத்தைத் தாமே தயாரித்துக்கொள்வார்கள். கொழுப்பெடுத்த பாலையும் ஓட்ஸ் கஞ்சியையும் தவிர வேறறியாத குழந்தைக்கு அந்த வழி இல்லை. ஆகவே, ஒரே நகரத்தில், ஏறக்குறைய ஒரே வருஷத்தில், மாமிசம் குறைந்ததால் தந்தை பிழைத்தார் என்றும், வெண்ணெய் கிடைத்ததால் குழந்தை பிழைத்தது என்றும் சொல்லும்படி ஆயிற்று.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஜெர்மானியரின் பிடியில் சிக்கிய நார்வே தேசத்திலும் ஏறக்குறைய இதே நாடகம் நடந்தது. மாமிசமும் முட்டையும் வெண்ணெயும் அருகி, கிழங்கும் மீனும் முழுத்தானியமும் உணவான 1940 முதல் 1945 வரையிலான வருஷங்களில், இருதய நோயாலும் ரத்தக்குழாய் நோயாலும் நேர்ந்த மரணங்கள் குறைந்து, யுத்தம் ஓய்ந்தபின் மறுபடி ஏறின என்று ஸ்ட்ரோம், யென்சன் என்ற இருவர் 1951இல் லான்செட் பத்திரிகையில் காட்டினார்கள். கவலையும் அச்சமும் மிகுந்த காலத்தில் இருதயம் சுகப்பட்டது என்பது, மனக்கவலையே மாரடைப்பின் தாய் என்று நம்பியவர்களைத் திகைக்கவைத்தது. எனினும் அங்கேயும் சிகரெட் கிடைக்கவில்லை, உடம்பின் எடை குறைந்தது, ஜனங்கள் நடந்து திரிந்தார்கள்; முடிச்சு அப்படியே இருந்தது.

ஒரு மாத்திரையின் குணத்தைச் சோதிப்பதற்குச் சாஸ்திரம் நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறது: பாதிப் பேருக்கு மருந்தையும் பாதிப் பேருக்கு அதே உருவமுள்ள வெறும் மாவுருண்டையையும் கொடுத்து, கொடுப்பவருக்கும் உண்பவருக்கும் எது எதென்று தெரியாமல் மறைத்துவிட்டால், சில வருஷங்களில் உண்மை வெளிப்படும். ஆட்டிறைச்சிக் குழம்பையும் பாகற்காய்க் குழம்பையும் அவ்வாறு மறைத்துக் கொடுக்க இயலாது. மாரடைப்பும் புற்றுநோயும் முற்றுவதற்கோ இருபது முப்பது வருஷம் செல்லும். அத்தனை காலம் ஒருவரைப் பிறர் விதித்த உணவில் கட்டிவைக்க எந்த ஆராய்ச்சிச் சாலைக்கும் சக்தியில்லை. ஆகவே, தாங்களாகவே மாமிசத்தை விட்டவர்களைத் தேடிப்பிடித்து, அவர்களையும் விடாதவர்களையும் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து, யார் எப்போது எந்த நோயால் விழுகிறார்கள் என்று எழுதி வைப்பதே ஆராய்ச்சியாளர்கள் மேற்கொண்ட பிரதான மார்க்கமாயிற்று.

அதற்கு அவர்களுக்கு வாய்த்த சமூகம் ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் என்னும் கிறிஸ்தவப் பிரிவு. 1863இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் ஸ்தாபிதமான இந்தச் சபை, புகையிலையையும் மதுவையும் விலக்கி, மாமிசத்தையும் தவிர்ப்பது உத்தமம் என்று தன் அங்கத்தினருக்கு உபதேசித்து வந்தது. காலையில் உலகமே பாலில் ஊறவைத்து உண்ணும் கார்ன் ஃப்ளேக்ஸும் இந்தச் சபையாரின் பாட்டில் கிரீக் ஆரோக்கிய விடுதியில் கெல்லாக் சகோதரர்கள் கையில் உருவானதுதான். இவர்களில் எல்லோரும் மாமிசத்தை விட்டவர்கள் அல்லர் என்பதே ஆராய்ச்சிக்கு அனுகூலம். ஏனெனில், விட்டவரும் விடாதவரும் புகைபிடிப்பதில்லை, குடிப்பதில்லை, ஒரே கோயிலில் தொழுகிறார்கள், ஆகையால் ஹிண்ட்ஹேடெயால் பிரிக்க முடியாத சாராயம் இங்கே குறுக்கிடுவதில்லை. கலிபோர்னியாவின் லோமா லிண்டா சர்வகலாசாலை 1970களில் சுமார் 34,000 பேரைப் பின்தொடர்ந்தபோது, அச்சபையைச் சேர்ந்த ஆண்கள் மற்றக் கலிபோர்னியர்களைவிடச் சுமார் ஏழு வருஷமும் பெண்கள் நான்கு வருஷத்துக்குச் சற்று மேலும் அதிகம் வாழ்கிறார்கள் என்று தெரிந்தது. 2002இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வில் 96,000 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் 73,308 பேரைக் கொண்டு 2013இல் வெளிவந்த கணக்கின்படி, மாமிசம் தவிர்த்தவர்களின் மரண விகிதம் தவிர்க்காதவர்களுடையதைவிட நூற்றுக்கு 12 குறைவு. அந்த நன்மையும் பெண்களைவிட ஆண்களிடமே துலக்கமாக இருந்தது. நீரிழிவு விஷயத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது: மாமிசம் உண்போரில் நூற்றுக்கு 7.6 பேருக்கு இருந்த அந்நோய், பாலையும் முட்டையையும்கூடத் துறந்த முழுத் தாவர உணவினரில் 2.9 பேருக்கே இருந்தது. அவர்களின் உடல் எடை குறைவாயிருந்ததே இந்த வித்தியாசத்தில் கணிசமான பங்குக்குக் காரணம். எடையைக் கழித்துக் கணக்கிட்ட பிறகும் ஓரளவு எஞ்சத்தான் செய்தது.

இத்துடன் வழக்கு முடிந்தது என்று எண்ணியவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த செய்தி ஏமாற்றமளித்தது. 1993 முதல் பிரிட்டனில் சுமார் 65,000 பேரைச் சேர்த்துத் திமத்தி கீ என்பவரும் அவருடைய சகாக்களும் நடத்திய ஆய்வில், மரக்கறி உண்பவருக்கும் மாமிசம் உண்பவருக்கும் மொத்த மரண விகிதத்தில் குறிப்பிடத்தக்க பேதமே காணப்படவில்லை. இரு சாராருமே பிரிட்டிஷ் ஜனங்களின் பொது மரண விகிதத்தில் ஏறக்குறையப் பாதியளவில்தான் மாண்டார்கள்! அதாவது, தன் உணவைப் பற்றி நீண்ட வினாத்தாளுக்குப் பொறுமையாக விடையெழுதி அனுப்பும் மனிதன், அவன் ஆட்டை உண்டாலும் அவரையை உண்டாலும், மற்றவர்களைவிட ஜாக்கிரதையுள்ளவனாகவும் வசதியுள்ளவனாகவும் இருக்கிறான். தாவர உணவின் மகிமையைப் பாடும் புள்ளிவிவரம் எதைப் பார்த்தாலும், யாரோடு யாரை ஒப்பிட்டார்கள் என்று முதலில் கேட்பது நலம்.

அதே ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் 48,188 பேரைப் பதினெட்டு வருஷம் பின்தொடர்ந்து 2019இல் வெளியிட்ட முடிவு இன்னும் விசித்திரமானது. மரக்கறி உண்பவர்களுக்கு இருதய ரத்தக்குழாய் அடைப்பு நோய் நூற்றுக்கு 22 குறைவாகவும், பக்கவாதம் நூற்றுக்கு 20 அதிகமாகவும் வந்திருந்தது. அந்த அதிகமும் பெரும்பாலும் மூளையில் ரத்தக்குழாய் வெடிப்பதால் வரும் பக்கவாதத்தில். விழுக்காடுகளைக் கேட்டு அஞ்சவோ மகிழவோ செய்யுமுன் ஆள்கணக்காக மாற்றிப் பார்க்கலாம்: ஆயிரம் பேர் பத்து வருஷம் மரக்கறி உண்டால், பத்துப் பேர் இருதய நோயிலிருந்து தப்புகிறார்கள், மூன்று பேர் அதிகமாகப் பக்கவாதத்துக்கு ஆளாகிறார்கள். கொலஸ்டிரால் மிகக் குறைவதாலோ, வைட்டமின் பி-12 போதாமையாலோ அந்த மூவர் விழுந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகித்தார்கள், நிரூபணம் இல்லை. அடுத்த வருஷம் வெளிவந்த மற்றொரு கணக்கில், முழுத் தாவர உணவினருக்கு எலும்பு முறிவு நூற்றுக்கு 43 அதிகமென்றும், இடுப்பெலும்பு முறிவு இரண்டு மடங்குக்கு மேலென்றும் தெரிந்தது. கால்சியமும் புரதமும் குறைவாக உண்டதும், மெலிந்த தேகமும் அதற்குக் காரணங்களில் சில.

இருதயத்துக்கு நன்மை உண்டென்பதில் மாத்திரம் எல்லா ஆய்வுகளும் ஏறக்குறைய ஒத்துப்போவது ஏன் என்பதற்குச் சரீர சாஸ்திரம் தக்க சமாதானம் சொல்கிறது. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பன்றிக்கறி, வெண்ணெய் ஆகியவற்றில் மிகுந்துள்ள நிறைவுற்ற கொழுப்பு, ரத்தத்திலுள்ள கெட்ட கொலஸ்டிராலை அப்புறப்படுத்தும் கல்லீரலின் வேலையை மந்தப்படுத்துகிறது. பருப்பு, பயறு, ஓட்ஸ், பழம் இவற்றிலுள்ள கரையும் நார்ச்சத்தோ, குடலில் பித்த உப்புகளைப் பற்றிக்கொண்டு வெளியேறுகிறது. இழந்த பித்தத்தை மறுபடி தயாரிக்கக் கல்லீரல் ரத்தத்திலிருந்தே கொலஸ்டிராலை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2023இல் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையார் 22 ஜோடி ஒற்றைக்கரு இரட்டையர்களைக் கொண்டு இதை அழகாகச் சோதித்தார்கள். ஜோடியில் ஒருவருக்கு ஆரோக்கியமான கலப்புணவும் மற்றவருக்கு ஆரோக்கியமான முழுத் தாவர உணவும் எட்டு வாரம் கொடுத்தபோது, தாவர உணவினரின் கெட்ட கொலஸ்டிரால் சராசரியாக 111இலிருந்து 96 மில்லிகிராமுக்கு இறங்கியது. மற்றவர்களுடையது ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. பிறவிக் குணத்தின்மேல் பழிபோட இங்கே வழியில்லை. ஆனால் எட்டு வாரத்தில் கொலஸ்டிராலைத்தான் அளக்கலாம், மாரடைப்பை அளக்க முடியாது.

நார்ச்சத்தின் பெருமையை உலகுக்கு எடுத்துரைத்தவர்களில் முக்கியமானவர், உகாண்டாவில் நெடுங்காலம் அறுவை வைத்தியராயிருந்த அயர்லாந்துக்காரர் டெனிஸ் பர்கிட். ஐரோப்பிய மருத்துவமனைகளில் மலிந்து கிடந்த பெருங்குடல் நோய்களை ஆப்பிரிக்கக் கிராமத்து ஜனங்களிடையே அவர் அரிதாகவே கண்டு, அதற்கு அவர்களின் முரட்டு உணவே காரணம் என்று 1970களில் ஓயாமல் பிரசாரம் செய்தார். நார்ச்சத்தைக் குடலிலுள்ள நுண்ணுயிர்கள் புளிக்கவைத்துப் பியூட்டிரேட் முதலிய அமிலங்களை உண்டாக்கி, பெருங்குடலின் உட்சுவரைப் போஷிக்கின்றன என்பது இப்போது நன்கு தெரிந்த விஷயம். மாமிசத்தின் பக்கத்திலோ, 2015இல் லியோன் நகரத்தில் கூடிய உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், உப்பும் ரசாயனமும் இட்டுப் பதப்படுத்திய இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது நிச்சயம் என்ற முதற்பிரிவிலும், பதப்படுத்தாத சிவப்பிறைச்சியை அநேகமாக விளைவிக்கக்கூடியது என்ற அடுத்த பிரிவிலும் வைத்தது. தினம் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சியால் பெருங்குடற் புற்று நூற்றுக்கு 18 அதிகரிக்கும் என்ற அதன் கணக்கைச் செய்தித்தாள்கள் பெரிய எழுத்தில் அச்சிட்டன. ஆயுள் முழுவதிலும் நூறு பேரில் ஏறத்தாழ ஐவருக்கு வரும் நோய் ஆறு பேருக்கு வரும் என்பதே அதன் பொருள். அலட்சியம் செய்வதற்கும் இல்லை, அலறுவதற்கும் இல்லை.

நிபுணர்களே இந்த விஷயத்தில் ஒருமுகப்பட்டவர்கள் அல்லர். 2019இல் லான்செட் பத்திரிகை கூட்டிய குழு ஒன்று, மனிதனுக்கும் பூமிக்கும் ஏற்ற உணவில் சிவப்பிறைச்சி நாளொன்றுக்குச் சராசரியாக 14 கிராமே இருக்கலாம் என்று சொன்னது; அதே வருஷ இறுதியில் அமெரிக்க வைத்தியப் பத்திரிகை ஒன்றில் வேறொரு குழு, ஆதாரங்கள் பலவீனமானவை, ஆகையால் ஜனங்கள் இப்போது உண்ணும் மாமிசத்தை அப்படியே உண்டுவரலாம் என்று எழுதிப் பெருங்கலகத்தைக் கிளப்பியது. இரு குழுவும் பார்த்த ஆதாரங்கள் பெரும்பாலும் ஒன்றே. மாத்திரையைச் சோதிக்கும் அளவுகோலையே உணவுக்கும் பிரயோகிப்பதா, கூடாதா என்பதில்தான் பிளவு. சிகரெட்டின் தீங்கையும் நாம் யாரையும் குலுக்கல் முறையில் புகைக்கச் செய்து நிரூபிக்கவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், இரண்டாவது குழுவின் கண்டிப்பு சற்று மிகை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இந்தச் சண்டை முழுவதிலும் கேள்வியே கோணலாகக் கேட்கப்பட்டு வந்திருக்கிறது என்பதை ஹார்வர்டைச் சேர்ந்த அம்பிகா சதீஜாவும் அவருடைய கூட்டாளிகளும் 2017இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டிற்று. அமெரிக்கத் தாதியரும் வைத்தியத் துறையினருமாக இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோரின் உணவுக் குறிப்புகளை எடுத்துக்கொண்ட இவர்கள், மாமிசம் உண்டா இல்லையா என்று மட்டும் கேளாமல், உண்ணும் தாவரம் எத்தன்மையது என்று கேட்டார்கள். முழுத்தானியம், பயறு, காய், கனி, கொட்டைகள் மிகுந்த தாவர உணவை உண்டவர்களுக்கு இருதய நோய் நூற்றுக்கு 25 குறைவாக இருந்தது. தீட்டிய தானியம், இனிப்புப் பானம், பொரித்த கிழங்கு, மிட்டாய் ஆகியவையும் தாவரங்களிலிருந்து வருவனவே அல்லவா? அவை மிகுந்த தாவர உணவை உண்டவர்களுக்கு நூற்றுக்கு 32 அதிகமாக இருந்தது. மாமிசத்தை இலையிலிருந்து எடுத்த பின் அந்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே பலன் அமைகிறது. கோபன்ஹேகன்வாசிகளுக்குப் பன்றியிறைச்சியின் இடத்தில் வந்தது தவிட்டு ரொட்டியும் கஞ்சியும் கீரையும். வெள்ளை மாவும் சர்க்கரையும் வந்திருந்தால் ஹிண்ட்ஹேடெயின் கணக்கு எப்படி முடிந்திருக்குமோ!

அதற்குப் பதில் வேண்டுமானால் நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மாமிசம் அறவே உண்ணாதவர்கள் மிகச் சிறுபான்மையினர். ஆயினும், மாமிசம் உண்ணும் பெரும்பான்மையினரின் இலையிலும் வாரத்தின் பல நாட்களில் சோறும் இட்லியும் குழம்பும் பொரியலுமே நிறைந்திருக்கின்றன. மேல்நாட்டுக் கணக்கில் பார்த்தால் இதுவே தாவர உணவுதான். அப்படியிருந்தும் நம் தேசத்தில் பத்துக் கோடியே பத்து லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், இன்னும் பதின்மூன்றரைக் கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாசற்படியில் நிற்பதாகவும், சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023இல் தெரிவித்தது. அதே சென்னை ஆராய்ச்சியாளர்கள் நகரவாசிகளின் ஆகாரத்தைத் துருவிப் பார்த்தபோது, தீட்டிய தானியம், அதாவது பெரும்பாலும் வெள்ளையரிசி, எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு நீரிழிவும் அதிகம் என்று 2009இல் எழுதினார்கள். 21 நாடுகளைச் சேர்ந்த ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு 2020இல் வந்த ஆய்விலும், வெள்ளையரிசிக்கும் நீரிழிவுக்குமுள்ள தொடர்பு தெற்காசியாவில்தான் மற்ற எல்லா இடங்களையும்விட வலுவாகத் தென்பட்டது. இன்னும் பழைய சாட்சியம் ஒன்றும் உண்டு: ரயில்வே வைத்தியரான மல்ஹோத்ரா 1967இல் ரயில்வே ஊழியர்களின் மரணக் குறிப்புகளைப் பரிசீலித்து, பாலும் நெய்யும் தாராளமாக உண்ட பஞ்சாபியரைவிடத் தென்னாட்டாருக்கு இருதய நோய் பல மடங்கு அதிகமென்று எழுதினார். அலுவலகக் குறிப்புகளைக் கொண்டு செய்த அந்த ஆராய்ச்சியைப் பிரமாணமாகக் கொள்ள நான் துணியமாட்டேன். ஆயினும், நெய்யைப் பழித்தும் சோற்றைப் புகழ்ந்தும் தீர்ப்பெழுத அவசரப்படுகிறவர்கள் அதை ஒருமுறை படிப்பது நல்லது.

ஆகவே, மாமிசத்தை விட வேண்டுமா என்று கேட்பவருக்கு, ஜீவகாருண்யத்தின் பொருட்டு விடுகிறவர் சாஸ்திரத்தின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்றும், ஆரோக்கியத்தின் பொருட்டு விடுகிறவர் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பையும் சுண்டலையும் கீரையையும் வைக்காவிட்டால் பெரிய பலனை எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொல்வேன். வாரத்தில் ஒருநாள் மீன் உண்பவரைப் பார்த்து, விரத நாளில் வடை, பாயசம், அப்பளத்தோடு விருந்துண்பவர் பெருமை கொள்வதற்கு மேற்சொன்ன ஆய்வுகளில் ஆதாரம் இல்லை.

பாலையும் தயிரையும்கூட விட்டுவிட்டவர்களுக்கு மற்றொரு வார்த்தை. வைட்டமின் பி-12ஐ எந்தச் செடியும் தயாரிப்பதில்லை. நுண்ணுயிர்கள் உண்டாக்கும் அதை மனிதன் பிராணிகளின் வழியாகவே பெற்றுவந்திருக்கிறான். அது குறைந்தால் ரத்தசோகையும், கைகால் மரத்துப்போதலும், ஞாபகக் குறைவும் மெதுவாக, பல வருஷம் கழித்துத்தான் வெளிப்படும். நரம்பில் நேர்ந்த சேதம் சிலருக்கு முழுவதும் மீளாமலும் போகும். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உண்பவர்களுக்கும் இதே சத்து குறைவதுண்டு. ஆகையால் இவ்விரு வகையினரும் வைத்தியரிடம் சொல்லி, ரத்தத்தில் பி-12 அளவை அவ்வப்போது பரிசோதித்து, குறைந்திருந்தால் மாத்திரையாகவோ ஊசியாகவோ ஈடுசெய்துகொள்ள வேண்டும். ஆகாரத்தை மாற்றிக்கொண்ட உற்சாகத்தில், நீரிழிவுக்கும் ரத்தக் கொதிப்புக்கும் உண்டுவரும் மருந்துகளை வைத்தியரைக் கேளாமல் நிறுத்திவிடவும் கூடாது.